பெரிய அலாய், மலை ரோட்டு: டயர் மாத்தப் போய் உங்களுக்கு என்ன நடந்துச்சு?

மூடுபனி:

நாலு மாசமாச்சு. இன்னும் அந்தக் கை கண்ணுக்குள்ளயே நிக்குது, அதான் எழுதுறேன்.

விட்ஸ் கார். முன்னாடி வச்சிருந்தவர் ஆசைப்பட்டு 16 அங்குல அலாய் ரிம் போட்டிருந்தார், டயர் 205/45. அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதுல 45 வீதம். தேஞ்சு போனதும் கண்டியில ஒரு கடைக்குப் போனேன். 45 இல்லையாம். "205/55 இருக்கு சேர். அதே 205, அதே 16, அவுலக் நே"ன்னார், பிரச்சினை இல்லையாம். 45க்கும் 55க்கும் வித்தியாசம் இருக்குன்னு எனக்குத் தெரியாம இல்ல. "உரசாதா?"ன்னு கேட்டேன். கார் ஜாக்கில நிக்குது, சக்கரம் தொங்குது. அவர் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டு ஆட்டிக் காட்டினார். கிரீஸ் படிஞ்ச கை, மோதிர விரல்ல ஒரு செம்பு மோதிரம். "பாருங்க சேர், கையே போகுது." நானும் தலையாட்டிட்டேன்.

ஜாக்கில தொங்குற சக்கரத்துல கை போகாம வேற என்ன செய்யும்? காசு குடுத்து ரோட்டுக்கு வந்த பிறகுதான் அது தோணுச்சு.

அம்மா, மனைவி, ரெண்டு புள்ளைங்க, டிக்கியில அரிசி மூட்டை. கம்பளை வரைக்கும் ஒன்னும் இல்ல. புஸ்ஸல்லாவை தாண்டினதும் வளைவுக்கு வளைவு ஒரு 'சர்ர்க்'. ரேடியோவைக் கூட்டி வச்சேன். ரம்பொட சுரங்கத்துக்குள்ள போனோம் பாருங்க, அது 225 மீட்டர்தான், ஆனா அந்தச் சுவத்துல பட்டுச் சத்தம் ரெண்டு மடங்கா திரும்பி வருது. பின்சீட்டுல இருந்து அம்மா, "என்னப்பா, யாரோ வேட்டி கிழிக்கிறாப்பல இருக்கு"ன்னாங்க. மேல ஒரு கொண்டை ஊசி வளைவுல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சேன். ரப்பர் கருகுற வாசம். பனி மூடி ஓரம் எதுன்னே தெரியல, நிறுத்த இடமும் இல்ல. லபுக்கலையில நிறுத்தி டோர்ச் அடிச்சுப் பாத்தா, உள்ள இருக்கிற பிளாஸ்டிக்கு தேஞ்சு கண்ணாடி மாதிரி மின்னுது, ஒரு ஓரத்துல ஓட்டையே விழுந்திருச்சு.

ஏத்தத்துல காரும் முனகுச்சு. டயர் பெருசானா கியர் நீண்ட மாதிரின்னு பிறகு ஒருத்தர் சொன்னார். ஆயிரம் சிசி எஞ்சின், அது என்ன செய்யும் பாவம்.

கொட்டகலை பதினாலு:

அண்ணே உங்களுக்கு உரசல், எனக்கு வீக்கம்.

ஸ்டிங்ரே கார், 165/55R15, அதாவது 15 அங்குல ரிம். தலவாக்கலையில இருந்து வாறப்ப, சென்கிளேயர் நீர்வீழ்ச்சியை நின்னு பாக்குற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், எதிர்ல கொழுந்து லொறி. ஒதுங்கினேன். தார் முடியிற இடத்துல அரையடிப் பள்ளம், கூரான விளிம்பு. இடது முன்சக்கரம் 'டங்'னு இறங்கி ஏறுச்சு. அது டயர் சத்தம் இல்ல, இரும்புச் சத்தம். வீட்டுக்கு வந்து கழுவுறப்ப பாத்தா சைட்வோல்ல, அதான் டயரோட பக்கச்சுவர்ல, கொய்யாக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். விரலால அமுக்கினா உள்ள போகுது, விட்டா திரும்ப வருது. உள்ள நூல் அறுந்து, காத்து ரப்பரை வெளியே தள்ளுதுன்னு அர்த்தம். அந்த வீக்கத்தோட நான் எண்பதுல வந்திருக்கேன்.

அலாயும் நெளிஞ்சிருந்துச்சு. சூடு வச்சுத் தட்டி நிமித்தித் தர்றேன்னு ஒருத்தர் சொன்னார், நான் விடல. 14 இரும்பு ரிம்முக்கு 155/65 போட்டுட்டேன். மச்சான் "என்னடா, மாட்டு வண்டியா?"ன்னு கேக்குறான். கேக்கட்டும்.

டீத்தூள்:

கொட்டகலைத் தம்பி, கணக்குப் போட்டுப் பாத்தீங்களா? 165ல 55 வீதம்னா ஒன்பது சென்டிமீட்டர். 155ல 65 வீதம்னா பத்து. ஒரே ஒரு சென்டிமீட்டருக்காக ரிம்மையே மாத்தியிருக்கீங்க. காத்துக் கொறைவா வச்சு ஓட்டியிருப்பீங்க, அதான் விஷயம்.

என் கதை வேற. ப்ரியஸ், 17 அலாய், 215/45. புதுசு வாங்க முடியாம ஜப்பான்ல பாவிச்ச டயர் நாலு எடுத்தேன். பட்டி, அதான் ரோட்டுல படுற பூ, நல்ல உயரம், நகம் முழுசா இறங்குது. ரப்பர் பஞ்சு மாதிரி. பூ முழுக்க மெல்லிசு மெல்லிசா வெட்டு வெட்டா இருந்துச்சு, அழகா இருக்கேன்னு நெனச்சேன். பக்கத்துல 'ஸ்டட்லெஸ்'னு எழுதியிருந்ததையும் பாத்தேன். அது மொடல் பேருன்னு நெனச்சுட்டேன், சிரிக்காதீங்க. பனிக்கட்டி ரோட்டுக்குச் செய்யிற டயர் அது.

பண்டாரவளையில ஒன்னும் தெரியல. மத்தியானம் எல்லயில இருந்து வெல்லவாயைக்கு இறங்கினேன். ராவணா எல்ல தாண்டி கீழ போகப் போக வெயில் ஏறுது, கார் மெத்தை மேல ஓடுற மாதிரி ஆடுது. ஸ்டீயரிங்கை ஒடிச்சா ஒரு கணம் கழிச்சுத்தான் திரும்புது. வெல்லவாயையில நிறுத்தி டயரைத் தொட்டுப் பாத்தேன். ஓரமெல்லாம் உருண்டு உருண்டு, சின்ன வயசுல கொப்பியில அழிச்சா வருமே அழிரப்பர் துகள், அப்படியே கையில ஒட்டுச்சு.

வெலிமடை உருளைக்கிழங்கு:

நுவரெலியாவுல ஓட்டுறவங்களுக்கு அந்த டயர் நல்லதுதானே அண்ணே? குளிர்தானே?

டீத்தூள்:

நம்ம குளிர் அதுக்குக் குளிரே இல்ல தம்பி. 7 பாகைக்குக் கீழ போனாத்தான் அந்த ரப்பருக்கு வேலை. நுவரெலியாவுக்கு வருஷச் சராசரியே 16 பாகை கிட்ட. தை மாசம் விடியக்காலையில ரேஸ்கோர்ஸ் புல்லு வெள்ளையா உறையும், சரி. ஒன்பது மணிக்கு அங்க ஐஸ்கிரீம் விக்கிறான்.

கொட்டகலை பதினாலு:

காத்து சரியாத்தான் வச்சிருந்தேன், கதவு ஸ்டிக்கர்ல உள்ளபடி. அந்த ஒரு சென்டிமீட்டர்தான் எனக்கு வேணும். தோட்டத்து ரோட்டுல ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க. ஸ்டட்லெஸ்ஸை மொடல் பேருன்னு நெனச்சவர் எனக்குக் கணக்குச் சொல்றார்.

பழைய லொறிக்காரன்:

தம்பிமார் சண்டை பிடிக்க வேண்டாம். முப்பத்தொரு வருசம் தோட்டத்து லொறி ஓட்டினவன் சொல்கிறேன், கேளுங்கள்.

என் அனுபவம் சின்னது. 2022இல் டொலர் தட்டுப்பாட்டு நேரம், மகனுடைய காருக்கு இரண்டே டயர்தான் கிடைத்தது. கடைக்காரப் பையன் வழக்கம்போல முன்னுக்குப் போட்டான், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். புஸ்ஸல்லாவையில் மழை. ஒரு இடது வளைவில் பின்பக்கம் கழன்று தேயிலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. அவ்வளவுதான்.

இப்போது சொல்ல வேண்டியது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியது பின்னுக்குத்தான் போக வேண்டும். முன்னுக்கு வழுக்கினால் வேகத்தைக் குறைத்துப் பிடிக்கலாம். பின்னுக்கு வழுக்கினால் நம் கையில் ஒன்றுமில்லை. முன்சக்கரத்தில் இழுக்கிற காருக்கும் இதே கதைதான். எந்தக் கடையிலும் முன்னுக்குத்தான் போடுவேன் என்று நிற்பார்கள், நீங்களும் நின்று பேசுங்கள்.

மூடுபனித் தம்பிக்கு. ரிம் பெரிசாக ஆக டயரின் பக்கச்சுவர் உயரம் குறைய வேண்டும், வெளிச்சுற்று ஏறக்குறைய மாறவே கூடாது. உங்கள் விட்ஸுக்குக் கம்பனி போட்டது 165/70R14 என்றால் மொத்த விட்டம் 587 மில்லிமீட்டர். 205/45R16 போட்டால் 591, அது சரி. 205/55R16 போட்டால் 632. நாலரைச் சென்டிமீட்டர் கூட, நூற்றுக்கு ஏழரைக்கும் மேல். மூன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 64க்கு மேலே போய்க்கொண்டிருந்தீர்கள். கடையில் பார்க்கிற முறையும் அதுவல்ல. காரைத் தரையில் இறக்கி, பின்னுக்கு மூன்று பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பி, பிறகு கையை விடச் சொல்லுங்கள். போகிறதா பார்ப்போம்.

இன்னொன்று. அளவுக்குப் பக்கத்தில் 81, 84, 91 என்று ஒரு எண் இருக்கும், அது சுமை எண். 81 என்றால் ஒரு டயர் 462 கிலோ தாங்கும், 84 என்றால் 500, 91 என்றால் 615. கம்பனி போட்டதைவிட அது குறையக் கூடாது. பெரிய அலாய் போடுகிறவர்கள் அழகைப் பார்ப்பார்கள், இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு திகதி. ஓர் ஓவல் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். அது காரின் உட்பக்கம் பார்க்கிற முகத்தில் இருந்தால் குனிந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். பட்டி புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பேரீச்சம்பழத்துக்கே திகதி பார்த்து வாங்குகிறோம். ரிம்மின் அகலத்தையும் கேளுங்கள். ஏழு அங்குல ரிம்மில் 165 டயரை இழுத்துப் பூட்டி வைத்துக்கொண்டு வருகிறார்கள் இளந்தாரிகள். வளைவில் பக்கவாட்டில் தள்ளும்போது விளிம்பு கழன்றால் காத்து ஒரே மூச்சில் போய்விடும். எந்தக் கம்பனி என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் ஊரில் செய்கிற சியட்டும் ஓடியிருக்கிறேன், வெளியில் இருந்து வருவதும் ஓடியிருக்கிறேன். கம்பனியைப் பிறகு பாருங்கள், முதலில் அளவு, சுமை எண், திகதி இந்த மூன்றையும் சரியாகப் பார்த்து வாங்குங்கள்.

வெலிமடை உருளைக்கிழங்கு:

ஐயா, கதை ஒரு பிடி, புத்திமதி ஒரு மூட்டை. ஆனா ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சுக்கிட்டேன்.

நோர்வூட் டீச்சர்:

எல்லோரும் டயரைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னுடையது நட்டு.

ஹொண்டா ஃபிட், கம்பனி 16 அலாய், 185/55. கடையில் அந்த அளவு இல்லை, 195/50 போடுங்கள் என்றார்கள். கடைக்காரர் என்னிடம் பேசவே இல்லை. காசு கொடுப்பது நான், பதில் முழுக்கப் பக்கத்தில் நின்ற கொழுந்தனாருக்கு. அவருக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். நான் காத்திருந்து 185/55 தான் வாங்கினேன். அதுவரை எல்லாம் சரி.

பூட்டும்போது கொழுந்தனார் ஆசையாக ஒரு பெட்டியை நீட்டினார், "அண்ணி, புது டயருக்குப் புது நட்டு". நீல நிறம், பளபளவென்று. பையன் மறுபேச்சில்லாமல் அதையே பூட்டிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை பாடசாலைக்குப் போகிறேன், பொகவந்தலாவைப் பக்கம். இறக்கத்தில் 'டக் டக் டக்'. வேகம் குறைந்தால் சத்தமும் மெதுவாகிறது. கல் ஏதும் மாட்டியிருக்கும் என்று நினைத்து இன்னும் இரண்டு வளைவு போனேன், அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஆட்டோ அண்ணன் கை காட்டி மறித்தார். "டீச்சர், சக்கரம் ஆடுது." குனிந்து ஒரு நீல நட்டைப் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துத் திருப்பினார். போத்தல் மூடியைப் போலக் கழன்று அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

ஹொண்டாவின் கம்பனி அலாயில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் போல உருண்டையாக இருக்கும், நட்டின் அடியும் உருண்டை. வெளிக்கடையில் விற்கிற அலாய்க்கு வருகிற நட்டு கூம்பு. கூம்பு கிண்ணத்தில் ஒரு கோட்டளவுதான் தொடும். இறுக்கும்போது இறுகினது போலவே இருக்கும், ஓட ஓடத் தளரும். இதை எனக்கு விளக்கியது கடைக்காரர் அல்ல, அந்த ஆட்டோ அண்ணன். தன் சாவியால் அவரே இறுக்கிவிட்டு, "மெதுவா திரும்பி வீட்டுக்குப் போங்க, பழைய நட்டைப் போடுங்க, நூறு கிலோமீட்டர் ஓடினதும் இன்னொருக்கா இறுக்குங்க" என்றார். காசு வாங்கவில்லை.

நீல நட்டுகள் வீட்டில் இருக்கின்றன. கொழுந்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை, "எப்படி அண்ணி, அழகா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.

பழைய லொறிக்காரன்:

மகளே, சொல்லிவிடுங்கள். அவர் அடுத்து யாருக்கும் வாங்கிக் கொடுப்பார்.

டீத்தூள்:

டீச்சர், சத்தம் கேட்டதும் நிறுத்தியிருக்கணும் நீங்க.

நோர்வூட் டீச்சர்:

தெரியும். அதனால்தான் எழுதினேன்.

மூடுபனி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் கதையைப் படிச்சிட்டு வெளிய போய் என் நட்டை எல்லாம் தடவிப் பாத்துட்டு வந்தேன், ராத்திரி பத்து மணிக்கு.

என் கதையோட மிச்சம்: கடைக்குத் திரும்பப் போனேன். பூட்டின டயரை எடுக்க மாட்டாங்களாம். நல்லவேளை, 205/55R16 நெறைய காருக்குப் போற அளவு, ஒரு வாரத்துல வித்துட்டேன், நட்டத்துக்குத்தான். அந்த செம்பு மோதிரக்காரர் என்னைப் பாத்துச் சிரிச்சார். கோவமா சிரிப்பான்னு தெரியல, எனக்குத் திட்டவும் வரல. 'உரசாதா'ன்னு கேட்டவன் நான், கையைப் பாத்து ஒத்துக்கிட்டவனும் நான்தானே.

பழைய 14 ரிம்மைத் தேடிப் புடிச்சு 165/70 போட்டாச்சு. கார் கொஞ்சம் குட்டையான புள்ளை மாதிரி நிக்குது, ரம்பொடையில சத்தமில்லாம ஏறுது. அலாய் நாலும் குசினிக்குப் பின்னால சாக்குப் போட்டு மூடிக் கிடக்கு. அதுல ஒன்னு மேல மனைவி துளசிச் சட்டியை வச்சுட்டாங்க. மிச்சம் மூனையும் வச்சுக்கிட்டு என்ன செய்யிறது. யாருக்காவது 16, நாலு நட்டு, நூறு பிசிடி (நட்டு ஓட்டைங்க இருக்கிற வட்டத்தோட விட்டம், மில்லிமீட்டர்ல) வேணும்னா சொல்லுங்க, சட்டியை இறக்கிடலாம்.

வெலிமடை உருளைக்கிழங்கு:

விலை என்ன அண்ணே? நட்டு சேத்தா, சேக்காமலா?