லீட் ஃபார்மை எங்க ஹோஸ்ட் பண்றது? கடலூர் சோலார் கடைக்கு ஒரு வழி சொல்லுங்க

மஞ்சக்குப்பம்_சோலார்:

வணக்கம். கடலூர்ல மாடிக்கு சோலார் போட்டுக் குடுக்குற கடை எங்களோடது, பாண்டி பக்கமும் வேலை எடுக்குறோம். பிஎம் சூர்யா கர்ங்கிற மத்திய அரசு சோலார் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மானியம்னு தெரிஞ்சதுல இருந்து நல்லாவே விசாரிக்கிறாங்க, ஃபேஸ்புக் விளம்பரமும் போகுது. வெப்சைட் வேர்ட்பிரஸ், அதுல கான்டாக்ட் ஃபார்ம் 7ங்கிற பிளகின்ல ஃபார்ம், வர்ற லீட், அதாவது விசாரிக்கிறவங்க பேரும் நம்பரும், மெயிலுக்குப் போகும், பாத்துட்டு போன் பண்ணுவோம். இனிமே ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் ஒண்ணு எடுத்து ஃபாலோஅப் மெயில் எல்லாம் தானா போற மாதிரி பண்ணணும். ஸோஹோ, ஹப்ஸ்பாட், மௌட்டிக் மூணும் பாத்தாச்சு. ஆனா ஃபார்ம் எங்க இருக்கணும்னுதான் புரியல. அவங்க குடுக்குற கோடை நம்ம பேஜ்ல ஒட்டுறதா, அவங்க சர்வர்லயே லேண்டிங் பேஜ் போடுறதா, இல்ல நம்ம ஃபார்மையே வச்சுக்கிட்டு ஏபிஐல (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுக்கு நேரா டேட்டா குடுக்குற வழி) அனுப்புறதா? ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சும்மா கிடக்கு, அதுலயே மௌட்டிக் போட்டா மாசக் காசு மிச்சம்னு தெரிஞ்ச பையன் ஒருத்தர் சொல்றார்.

லாஸ்பேட்_டெவலப்பர்:

அண்ணா, முதல்ல ஒண்ணு பாருங்க. கான்டாக்ட் ஃபார்ம் 7 தானா எதையும் டேட்டாபேஸ்ல சேமிக்காது, மெயில் மட்டும்தான் அனுப்பும். மெயில் ஸ்பாமுக்குப் போச்சுன்னா அந்த லீட் போனது போனதுதான். ஃபிளமிங்கோன்னு ஒரு பிளகின் இருக்கு, வர்றதை டேட்டாபேஸ்ல சேமிக்கும், கான்டாக்ட் ஃபார்ம் 7 எழுதினவரே எழுதினது, இன்னைக்கே போட்டுடுங்க, சாஃப்ட்வேர் எது வாங்கினாலும் சரி.

என்னோட கருத்து, ஜனங்க பட்டனை அமுக்கின நிமிஷம் முதல் காப்பி உங்க கையில விழணும், ரெண்டாவது காப்பிதான் சாஃப்ட்வேருக்குப் போகணும். அதனால மெயின் வெப்சைட்டுல உங்க ஃபார்மே இருக்கட்டும், சேமிச்சதுக்கு அப்புறம் சர்வர்ல இருந்து ஏபிஐல தள்ளுங்க. விளம்பரத்துக்கு மட்டும் அவங்க லேண்டிங் பேஜ் எடுத்துக்கலாம், சீக்கிரம் மாத்த முடியும், ஆனா அவங்க டொமைன்ல போடாதீங்க, உங்க டொமைன்ல ஒரு சப்டொமைன் பண்ணி டிஎன்எஸ்ல (எந்தப் பேர் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற பட்டியல்) அவங்க சர்வரைக் காட்டுற சிநேம் ரெக்கார்டு குடுத்துடுங்க. அட்ரஸ் உங்க பேர்ல தெரியும், குக்கீயும் (வந்தவரை அடையாளம் வச்சுக்க பிரவுசர்ல சேமிக்கிற சின்னக் குறிப்பு) உங்க டொமைன்ல உக்காரும். சஃபாரி 2020லயே வேற டொமைன் குக்கீயை முழுசா தடுத்துடுச்சு, ஐபோன்ல வர்றவங்களுக்கு அதனாலயே இது முக்கியம்.

ஒட்டுற கோடு, அதாவது எம்பெட், ஐஃப்ரேமா (நம்ம பேஜுக்குள்ள அவங்க பேஜைக் காட்டுற ஜன்னல்) இல்ல ஸ்கிரிப்டா (நம்ம பேஜ்லயே ஃபார்மைக் கொண்டு வர்ற கோடு)ன்னு கேளுங்க. ஐஃப்ரேம்னா விளம்பர லிங்குல எந்த விளம்பரம்னு சொல்ற யூடிஎம் குறிப்பு தானா உள்ள போகாது, எந்த விளம்பரத்துல வந்தாங்கன்னே தெரியாம போயிடும். ஸ்கிரிப்ட்னா சில விளம்பரத் தடுப்பான்கள் அதைத் தூக்கிடும், ஃபார்ம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையா இருக்கும்.

நெல்லித்தோப்பு_மார்க்கெட்டிங்:

மேல சொன்னது டெக்னிக்கலா சரிதான், ஆனா கடையில டெவலப்பர் இல்லாதப்ப ஏபிஐ வழியை நான் சொல்ல மாட்டேன் சார். ஏபிஐக்குச் சாவி மாதிரி இருக்குற டோக்கன் காலாவதி ஆனாலோ, யாராவது சாஃப்ட்வேர்ல ஒரு ஃபீல்டு பேரை மாத்தினாலோ அனுப்புறது நின்னுடும், ஃபார்ம் மட்டும் "நன்றி"ன்னு காட்டிக்கிட்டே இருக்கும், கடையில யாருக்கும் தெரியாது. அது போக, ஏபிஐல அனுப்புறப்ப குக்கீ ஐடியையும் சேர்த்து அனுப்பலைன்னா அந்த ஆள் எந்தெந்த பேஜ் பாத்தார்ங்கிற வரலாறு லீடோட சேராது. ஆட்டோமேஷனுக்குக் காசு குடுக்குறதே அதுக்குத்தானே. எம்பெட்லயே ஆரம்பிங்க, கீழயே போன் நம்பரும் வாட்ஸ்அப் லிங்கும் பெருசா வைங்க, ஃபார்ம் லோட் ஆகலைன்னாலும் ஆள் நழுவ மாட்டார்.

இன்னொண்ணு, எங்க ஹோஸ்ட் பண்றோம்ங்கிறதை விட உங்களுக்கு இது பெருசு. ஃபார்ம்ல "கரண்ட் பில் எவ்வளவு"ன்னு கேப்பீங்க இல்ல? கடலூர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், பாண்டியில மாசா மாசம் பில். 4,000னு ரெண்டு பேர் போட்டா ரெண்டும் ஒண்ணு இல்ல, பாண்டிக்காரர் ஏறக்குறைய ரெண்டு மடங்கு பெரிய கஸ்டமர். அதனால ஊரை முதல்ல கேளுங்க, டிராப்டவுனா வைங்க, பாண்டின்னு எடுத்தா "ஒரு மாச பில்"லுனும் கடலூர்னு எடுத்தா "ரெண்டு மாச பில்"லுனும் கேள்வி மாறணும். இந்த மாதிரி மாறுற கேள்வி வைக்க முடியுமான்னு ட்ரயல்லயே பாத்துட்டு சாஃப்ட்வேரை முடிவு பண்ணுங்க.

சம்மத டிக் பாக்ஸும் மறக்காதீங்க, முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல, அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில இருக்குற தமிழ் மாதிரி மொழிகள்லயும் அறிவிப்பைப் படிக்க வசதி இருக்கணும்னு இருக்கு, நம்பரை எதுக்கு வாங்குறோம்னு தமிழ்லயே ரெண்டு வரி எழுதிடுங்க.

ஓடி_சர்வர்:

ஆபீஸ் கம்ப்யூட்டர் வேண்டவே வேண்டாம் தம்பி. 2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை கடந்தப்ப கரண்டும் நெட்டும் என்ன ஆச்சுன்னு நமக்கே தெரியும். ஃபார்ம் அந்த மெஷின்ல இருந்தா வெளியூர்ல இருந்து பாக்குறவங்களுக்கும் பேஜே திறக்காது. மௌட்டிக் நல்ல சாஃப்ட்வேர், இலவசம், நானும் ஓட்டுறேன், ஆனா ஒரு விபிஎஸ்ல (ஹோஸ்டிங் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுக்குற சர்வர்) போடுங்க. அதுல கிரான் ஜாப் (குறிச்ச நேரத்துக்கு சர்வர்ல தானா ஓடுற வேலை) சரியா ஓடணும், செக்மென்ட், அதாவது லீடுகளைப் பிரிச்ச குழு, அப்டேட் ஆகுறதும் கேம்பெயின் கிளம்புறதும் அதை நம்பித்தான், கிரான் நின்னா லீட் வந்து சேரும், மெயில் மட்டும் போகாது. அதைத் தினம் பாக்க ஆள் இருந்தா மௌட்டிக், இல்லைன்னா காசு குடுத்து வாங்குறதே நல்லது.

மஞ்சக்குப்பம்_சோலார்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பில் விஷயம் எங்களுக்குத் தோணவே இல்ல. ஃபிளமிங்கோ போட்டாச்சு. விளம்பரத்துக்கு சப்டொமைன்ல லேண்டிங் பேஜ், வெப்சைட்டுல இப்போதைக்கு எம்பெட், இப்படிப் போறோம். ஒரு சந்தேகம், நாளைக்கு சாஃப்ட்வேரை மாத்தினா அந்த சப்டொமைன் என்ன ஆகும்?

லாஸ்பேட்_டெவலப்பர்:

பேஜ் எல்லாம் அவங்க சர்வரோட போயிடும் அண்ணா, அதனால வாசகம், படம், லீட் எல்லாத்தையும் முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணிக்கோங்க. அக்கவுன்ட்டை மூடுறதுக்கு முன்னாடி டிஎன்எஸ்ல அந்த சிநேம் ரெக்கார்டை அழிச்சிடணும், இல்லைன்னா புது இடத்துக்கு மாத்திடணும். அப்படியே விட்டா அதே சாஃப்ட்வேர்ல வேற யாராவது உங்க சப்டொமைனை அவங்க அக்கவுன்ட்ல சேர்த்துக்க வாய்ப்பு இருக்கு, உங்க பேர்லயே பேஜ் போட்டு நம்பர் வாங்கலாம். சப்டொமைனுக்கு சாஃப்ட்வேர் பேர் வைக்காம "சலுகை" மாதிரி பொதுவா ஒரு பேர் வைங்க, மாத்துறப்ப புது இடத்துக்குத் திருப்பி விட்டா போதும், நோட்டீஸ்ல அடிச்ச அட்ரஸ் அப்படியே வேலை செய்யும்.