ஆட்டத்தின் நடுவே கட்சி அழைப்பு, கூட்டம் நடந்தால் இணையம் இல்லை: வடசென்னையில் இதற்கு வழி உண்டா?

இரவு_ஆட்டக்காரன் (தண்டையார்பேட்டை)

வணக்கம். துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் ஒன்றில் வேலை முடித்து வீடு திரும்பியதும், இரவு ஒன்பது மணிக்கு மேல் பள்ளிக்கால நண்பர்கள் மூவருடன் பி.ஜி.எம்.ஐ. என்ற கைப்பேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை இணையம் வழியே ஆடுவது என் வழக்கம். ஒருவர் கொருக்குப்பேட்டையில் இருக்கிறார், ஒருவர் எர்ணாவூரில், இன்னொருவர் பிழைப்புக்காக ஓசூருக்குப் போய்விட்டார். நால்வரும் ஒன்றாகப் பேசிச் சிரிக்க மிஞ்சியிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். சில மாதங்களாக அதையும் கட்சிகள் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு கட்சியை நான் சொல்லவில்லை. எங்கள் வட்டத்தில் யார் யார் கொடி ஏற்றியிருக்கிறார்களோ அவர்கள் அனைவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் தொல்லை, பதிவு செய்யப்பட்ட குரலில் வரும் அழைப்பு. ஆட்டக் களத்தின் கடைசி வட்டம் சுருங்கி, எதிரணி எந்தச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது என்று காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சமயத்தில், காதில் மாட்டிய கருவியில் "வணக்கம், உங்கள் பொன்னான நேரத்தில்" என்று ஒரு தலைவர் பேசத் தொடங்குகிறார். அழைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்பினால் பிங், அதாவது இணையத்தின் தாமத அளவு, 300ஐத் தாண்டி நிற்கிறது. என் ஆள் நின்ற இடத்திலேயே சுடப்பட்டுக் கிடக்கிறான். இரண்டாவது, தெருமுனைக் கூட்டம். டியூப் லைட்டும் தோரணமும் கட்ட ஏணி வந்து நின்றாலே வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கிவிடுகிறது. கேபிள்காரர் வந்து சரிசெய்த பிறகும் இணைப்பு முன்போல் இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுக்கிறது. மூன்றாவது, கேரம் போட்டிக்காகத் தெரு இளைஞர்கள் தொடங்கிய வாட்ஸப் குழு. அதன் முகப்புப் படம் ஒரு நாள் காலையில் தலைவரின் படமாக மாறியிருந்தது. அன்றுமுதல் கேரத்தைப் பற்றி அதில் ஒருவரும் பேசுவதில்லை.

எண்ணை முடக்கு, குழுவிலிருந்து வெளியேறு என்று சொல்வது எளிது. ஆனால் அந்தக் குழுவை நடத்துபவர் எங்கள் வட்டச் செயலாளர். குடிநீர் லாரி வராத நாளில் ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சில் அதை வரவழைப்பவர் அவர். என் அம்மாவை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது ஆட்டோ பிடித்துக் கொடுத்துக் கூடவே வந்தவரும் அவரே. அவரைப் பகைத்துக்கொள்ளாமல் என் ஒரு மணி நேரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி.

வியாசை_வலைப்பின்னல்

நண்பரே, உங்கள் முதல் தொல்லையிலும் இரண்டாவதிலும் அரசியல் பாதி, மின்னணுவியல் பாதி. மின்னணுவியல் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கைப்பேசியில் இரண்டு சிம் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான இரட்டைச் சிம் கைப்பேசிகள் இரண்டு எண்களையும் காத்திருப்பில் வைத்திருக்குமே தவிர, இரண்டையும் ஒரே சமயத்தில் முழுமையாக இயக்காது. ஒரு சிம்மின் இணையத்தில் நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றுக்கு அழைப்பு வந்தால், அதைக் கவனிப்பதற்காக முதல் சிம்மின் இணையம் நிறுத்தப்படலாம். அழைப்பைத் துண்டித்த பிறகும் அது பழைய நிலைக்கு வரச் சில நொடிகள் ஆகும். ஒரே சிம் என்றாலும், 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்ட்டி வசதி அதில் அணைந்திருந்தால் அழைப்பு வந்தவுடன் கைப்பேசி 4ஜியிலிருந்து இறங்கிவிடும்; பிங் எகிறுவதற்கு அதுவும் காரணமாகலாம். ஆகவே மொபைல் இணையத்தில் ஆடுகிற நாளில், கட்சிகளுக்குத் தெரிந்த எண்ணுள்ள சிம்மை மட்டும் அமைப்புகளுக்குள் போய் அணைத்து வையுங்கள். வீட்டு வைஃபையில் ஆடும் நாளில் விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையை மட்டும் திரும்ப இயக்கலாம். ஆனால் வைஃபை வழியே அழைப்பு என்ற வசதி திறந்திருந்தால் தலைவர் அந்த வழியாகவும் வந்துவிடுவார். அதையும் மூடுங்கள்.

அம்மாவின் அழைப்பு தவறிவிடுமே என்று தோன்றினால், விமானப் பயன்முறைக்குப் பதிலாகத் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டில் நட்சத்திரக் குறியிட்ட தொடர்புகளை மட்டும் அனுமதிக்க முடியும். பதினைந்து நிமிடத்துக்குள் ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் முறை அழைத்தால் அனுமதி என்ற விருப்பமும் அதில் உண்டு. அவசரத்துக்கு அழைப்பவர் மறுபடி அழைப்பார், பதிவுக் குரல் பெரும்பாலும் அழைக்காது. இதில் ஒரு குறை, மணி ஒலிக்காமல் தடுக்குமே ஒழிய, இரட்டைச் சிம் சிக்கலை இது தீர்க்காது.

இனி வீட்டு இணைப்புக்கு வருகிறேன். கேபிள்காரர் வந்து போன பிறகும் விட்டுவிட்டு இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாடிக்குப் போய், உங்கள் வீட்டுக்கு வரும் கறுப்பு நிற ஃபைபர் கம்பியைக் கம்பம் வரைக்கும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். தோரணக் கயிறு அதன்மேல் எங்கேயாவது முடிச்சுப் போடப்பட்டிருக்கும் என்பது என் ஐயம். ஃபைபருக்குள் ஓடுவது ஒளி. கம்பி அறாவிட்டாலும், கூர்மையாக மடங்கினால் அந்த வளைவிலேயே ஒளி கசிந்துவிடும். தோரணம் காற்றில் ஆடும்போதெல்லாம் முடிச்சு இறுகும், தளரும், உங்கள் இணைப்பும் அதற்கேற்ப வரும், போகும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் அளவு டி.பி.எம். என்ற அலகில் இருக்கும். மைனஸ் 20க்குப் பக்கத்தில் இருந்தால் கவலை இல்லை; மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு எந்த நேரமும் விழலாம். காற்று அடிக்கும்போது ஒரு தடவையும் அடங்கியிருக்கும்போது ஒரு தடவையும் அந்த எண்ணைப் பாருங்கள்.

மூலகொத்தளம்_பெரியவர்

தம்பி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆன்லைன் விளையாட்டுகளைத்தான் அரசே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டதே? பிள்ளைகள் பணத்தை இழந்து உயிரை விட்ட செய்திகளை எத்தனையோ பார்த்துவிட்டோம். கட்சிக்காரர்களைக் குறை சொல்வதற்கு முன்னால், ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியைக் கீழே வைத்தால் பாதித் தொல்லை தானாகவே தீர்ந்துவிடாதா?

இரவு_ஆட்டக்காரன்

ஐயா, தாங்கள் சொல்வது ரம்மி, போக்கர் போன்ற பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. தமிழ்நாட்டில் அவற்றுக்கென 2022ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பண விளையாட்டுகளைத் தடை செய்து, மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியாக அங்கீகரித்தது. நான் ஆடுவதில் யாரும் பந்தயம் கட்டுவதில்லை. இதன் முந்தைய வடிவமான பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது உண்மைதான், ஆனால் அந்த நடவடிக்கைக்குச் சொல்லப்பட்ட காரணம் தேசப் பாதுகாப்பும் தரவுகளும். பி.ஜி.எம்.ஐ. 2021இல் வந்தது, 2022 ஜூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பியது. அரசு நிறுத்திய காலத்தில் நாங்களும் நிறுத்தித்தான் வைத்திருந்தோம். கைப்பேசியைக் கீழே வைத்தாலும் அழைப்பு வரத்தான் செய்யும்; தூக்கத்தில் வரும், அவ்வளவுதான் வேறுபாடு.

பாகம்_பழைய_முகவர்

நான் ஆர்.கே. நகர் பக்கம் ஒரு கட்சிக்கு வாக்குச்சாவடி முகவராக இருந்து, இப்போது ஒதுங்கியிருப்பவன். உங்கள் எண் எப்படி எல்லாக் கட்சிகளுக்கும் போகிறது என்று தெரிந்தால், எங்கே அடைக்க வேண்டும் என்பதும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

வாக்காளர் பட்டியலிலிருந்து எண் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவைதான் அச்சாகும். பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6இல் கைப்பேசி எண் கேட்கப்பட்டாலும் அது பட்டியலில் வெளியாவதில்லை. ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1200 வாக்காளர்கள் என்று தேர்தல் ஆணையம் 2025இல் வரம்பைக் குறைத்தது. அந்த 1200 பெயர்களுக்கு எதிரே எண்ணை எழுதி நிரப்புவதுதான் பூத் கமிட்டியின் பெரிய வேலை. கண் சிகிச்சை முகாமின் பதிவேடு, கேரம் போட்டியின் நுழைவுப் படிவம், வெள்ள நிவாரணப் பொருள் கொடுத்தபோது எழுதிய நோட்டு, கோவில் கூழ் ஊற்றும் விழாவின் நன்கொடைச் சீட்டு எல்லாம் அதற்குப் பயன்படும். நானே இரண்டு வண்ணப் பேனாக்களை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன். உறுதியான ஓட்டுக்குப் பச்சை, சந்தேகத்துக்குச் சிவப்பு. சிவப்பில் இருப்பவருக்குத்தான் அழைப்பு அதிகம் வரும். ஒரு கட்சியின் பட்டியல் அப்படியே அந்தக் கட்சியிடமே இருந்துவிடும் என்றும் எண்ணாதீர்கள். இன்று இங்கே இருக்கும் ஆள் நாளைக்கு அணி மாறும்போது கொடியைத்தான் விட்டுவிட்டுப் போவார், நோட்டை எடுத்துக்கொண்டுதான் போவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வட்டச் செயலாளரிடம் இருக்கும் உங்கள் எண்ணும் பதிவுக் குரல் அழைக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் அழைப்பவர் அவரில்லை. அது மேலிடம் ஏதோ ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்த வேலை. அந்த அழைப்புகள் வரும் எண்களை நீங்கள் முடக்கினாலும் அவருக்குத் தெரியவே போவதில்லை. அதில் அவரைப் பகைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. குழுவிலிருந்து வெளியேறுவது வேறு விஷயம். 2022 முதல் வாட்ஸப்பில் ஒருவர் வெளியேறினால் நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிப்பு போகும் என்றாலும், இங்கே நிர்வாகியே அவர்தான். ஆகவே வெளியேறாதீர்கள், ஒலியை நிறுத்தி ஆவணக் காப்பில் (ஆர்க்கைவ்) போட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை திறந்து, யாருடைய பிறந்தநாளுக்காவது ஒரு வாழ்த்துப் போட்டுவிட்டு மூடுங்கள். இதைக் கோழைத்தனம் என்று சிலர் இங்கே எழுதக்கூடும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்காதவர்கள் அப்படி எழுதட்டும்.

இனிமேல் எந்த முகாமிலும் எந்தப் போட்டியிலும் இரண்டாவது சிம்மின் எண்ணை மட்டும் கொடுங்கள். வங்கிக்கும் அம்மாவுக்கும் கொடுத்த எண்ணைத் தெருவுக்குக் கொடுக்க வேண்டாம்.

சட்டம்_பெரம்பூர்

புகார் வழிகளைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சேர்க்கிறேன். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்தால் எல்லா அழைப்பும் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடுப்பது வணிகத் தொடர்பை, அதாவது பொருளையோ சேவையையோ விற்க முயலும் அழைப்பை. ஓட்டுக் கேட்பது அதில் அடங்கும் என்று வாதாடலாம், வெற்றி நிச்சயமில்லை. ஆனாலும் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூட்டமாக வரும் பதிவு அழைப்பைப் புகாராகப் போட்டு வைப்பதில் இழப்பில்லை. 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் புகார் செய்யலாம்.

தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு நிலைமை மாறும். மொத்தக் குறுஞ்செய்தியும் பதிவுக் குரல் செய்தியும் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் முன் அனுமதி பெற வேண்டியவை. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் வந்தால் அது நேரடியாகவே விதிமீறல், தேர்தல் உதவி எண்ணான 1950க்குச் சொல்லுங்கள். கட்சி கையில் வைத்திருக்கும் உங்கள் எண்ணை அழிக்கச் சொல்லும் உரிமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதுவரை ஒரே ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள்: வாசலுக்கு வந்து உறுப்பினராகச் சேர்க்கிறோம் என்று சொல்பவரிடம் ஓ.டி.பி.யைக் கொடுக்காதீர்கள். 2025 ஜூலையில் ஒரு கட்சி அவ்வாறு ஓ.டி.பி. பெற்றதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. வேண்டாம் என்று மறுக்கும்போது நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லலாம். உங்கள் பெயர் கெடாது.

இரவு_ஆட்டக்காரன்

அனைவருக்கும் நன்றி. வியாசை நண்பர் சொன்னபடியே மாடிக்குச் சென்று பார்த்தேன். கூட்டம் முடிந்து வெகுநாளான பிறகும் தோரணம் அவிழ்க்கப்படவில்லை. காகிதக் கொடிகள் வெளுத்துக் கிழிந்துவிட்டன, சணல் கயிறு மட்டும் எங்கள் வீட்டு ஃபைபரை இரண்டு சுற்றுச் சுற்றி விளக்குக் கம்பத்தோடு இறுக்கிக் கட்டியபடி இருக்கிறது. மோடத்தில் ஒளி அளவு மைனஸ் 24க்கும் 27க்கும் இடையே ஊசலாடுகிறது. நானே ஏணி வைத்து அவிழ்த்துவிடுவேன், ஆனால் கொடியைக் கழற்றினான் என்று பேச்சு வருமே என்று தயக்கமாக இருக்கிறது. கேபிள்காரரோ, கட்சிக் கொடி என்றால் நான் கைவைக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்.

பாகம்_பழைய_முகவர்

வட்டச் செயலாளரிடம் கேட்காதீர்கள். பார்க்கலாம் என்பார், அடுத்த கூட்டத்துக்குப் புதுத் தோரணமே வந்துவிடும். அதைக் கட்டியது கட்சிக்காரர்கள் அல்ல, டியூப் லைட்டும் மைக் செட்டும் வாடகைக்கு விடும் பந்தல்காரர். எல்லாக் கட்சிக்கும் கட்டுபவர் என்பதால் அவருக்குக் கொடியில் பற்றும் இல்லை, பயமும் இல்லை. கூட்டத்தின் சுவரொட்டியில் ஒலி, ஒளி அமைப்பு என்று அடியில் அவருடைய எண்ணே அச்சாகியிருக்கும். டீச் செலவுக்குக் கொடுத்து ஒரு பையனை அனுப்பச் சொல்லுங்கள். கயிற்றை ஃபைபரிலிருந்து எடுத்துக் கம்பத்தின் கொக்கியில் மாட்டிவிடுவான். கொடி அங்கேயே இருக்கும், உங்கள் கம்பியும் தப்பிக்கும்.