உகாண்டா கிராமப் போதகர்களுக்கு 3 நாள் பயிற்சி: என்ன சொல்லிக் கொடுப்பது, என்ன கொண்டு போவது?

கடைசி_பெஞ்ச்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் குழப்பத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையிலிருந்து ஐந்து பேர் மார்ச் இரண்டாவது வாரம் உகாண்டா போகிறோம். கிழக்கே பூசோகா பகுதி, ஜிஞ்சாவைத் தாண்டி இகாங்கா பக்கத்துக் கிராமங்கள். நாற்பது போதகர்கள் வருவார்களாம், பெரும்பாலும் வேதாகமக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள், பயிர் செய்துகொண்டே ஊழியம் பார்ப்பவர்கள். மூன்று நாள் பயிற்சி, அப்புறம் சபைகளைப் போய்ப் பார்த்து உற்சாகப்படுத்துவது என்று திட்டம்.

நான் போதகர் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை வாலிபர் வேதபாட வகுப்பு எடுப்பேன், அவ்வளவுதான். "தம்பி, நீ நல்லா விளக்குற, நீயும் வா" என்று மூப்பர் ஒருவர் சொல்லி நான்கு தலைப்புகளை என் தலையில் கட்டிவிட்டார். மொத்தம் 14 தலைப்பு. திரித்துவத்தில் ஆரம்பித்து சபை நிர்வாகம், தலைமைத்துவம், கடைசிக் காலம் வரை எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஸ்லைடு தயாராகிறது.

இருபது வருஷமாகச் சபை நடத்தும் ஒருவருக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? இது அவர்களுக்கான பயணமா, எங்களுக்கு ஒரு அனுபவம் வேண்டும் என்பதற்கா? பரிசுப் பொருள், பணம் ஏதாவது கொண்டு போகலாமா? போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய_சைக்கிள்:

தம்பி, முதலில் அந்த ப்ரொஜெக்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம். முதல் நாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது, மறுநாள் மதியம்தான் வந்தது. நான் மனப்பாடம் செய்திருந்ததோ ஸ்லைடுகளின் வரிசையை, பாடத்தை இல்லை. வியர்த்துக் கொட்டியது.

அன்று நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் முதல் கேள்விக்கு அதுதான் பதில். என்ன செய்வது என்று தெரியாமல் "உங்களில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டேன். வயதான ஒரு போதகர் எழுந்தார். அவர் ஊரில் ஒருவன் புதிதாக விசுவாசத்துக்கு வந்திருக்கிறான், அவனுக்கு இரண்டு மனைவிகள், இருவருக்கும் பிள்ளைகள். ஞானஸ்நானம் கேட்கிறான். இரண்டாவது பெண்ணை அனுப்பிவிடு என்று சொன்னால் அவளும் பிள்ளைகளும் எங்கே போவார்கள்? அனுப்பாதே என்று சொன்னால் சபையில் மற்றவர்களுக்கு என்ன பதில்? என்னிடம் அதற்கு ஸ்லைடும் இல்லை, அனுபவமும் இல்லை. "எனக்குத் தெரியவில்லை ஐயா, நீங்கள் எல்லோரும் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குள் பேசினார்கள், சண்டைகூட வந்தது. மொழிபெயர்ப்பாளர் எனக்குப் பாதிதான் சொன்னார். அந்த மூன்று நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

14 தலைப்பு வேண்டவே வேண்டாம். மொழிபெயர்ப்பு என்றால் ஒரு மணி நேரப் பாடம் அரை மணி நேரப் பாடம் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள், கணக்கு உங்கள் தொழில்தானே. ஒரே ஒரு சின்னப் புத்தகத்தை எடுங்கள். நான் ரூத்தைச் சொல்வேன், நாலே அதிகாரம். பஞ்சம், அறுவடை, கதிர் பொறுக்குவது, கணவன் செத்தபின் நிலம் யாருக்கு என்ற வழக்கு, எல்லாம் அதில் இருக்கிறது. விதவைகளை நிலத்தைவிட்டு விரட்டுவது அந்த ஊர்களில் இன்றைக்கும் நடக்கிற விஷயம். நீங்கள் விளக்குவதற்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிடும். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், கதையை வேதாகமத்தை மூடிவைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவர்களில் நாலு பேர் பிரசங்கிக்கட்டும், நீங்கள் கீழே உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டில் பேசுவது லுசோகா, சபையில் வெகு காலமாக வாசித்தது லுகாண்டா வேதாகமம். அது 1896-லேயே முழுமையாக வந்துவிட்டது. ஆகவே வசனம் ஒரு மொழியில், விளக்கம் இன்னொரு மொழியில் என்று போகும். மொழிபெயர்ப்பவர் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். நன்றாக இங்கிலீஷ் பேசும் பையனைத்தான் நிறுத்துவார்கள், ஆனால் மூத்தவர்கள் அவன் வாயிலிருந்து பாடம் கேட்க வேண்டியிருக்கும், அது அவர்களுக்கும் சங்கடம் அவனுக்கும் சங்கடம்.

நேர்_கேள்வி:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போகாதீர்கள். ஐந்து பேர் விமானக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். உகாண்டா என்ன சுவிசேஷமே கேட்காத நாடா? பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். முகோனோவில் 1913-லேயே இறையியல் கல்லூரி தொடங்கியவர்கள், இன்று அது பல்கலைக்கழகம். 1977-இல் இடி அமீன் ஆட்சியில் பேராயர் ஜனானி லுவும் உயிரையே கொடுத்தார். அந்தச் சபைக்குப் போய் "தலைமைத்துவம்" என்று நாம் வகுப்பெடுப்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் அந்த ஊர் ஆசிரியர் ஒருவரை வருஷம் முழுக்க கிராமம் கிராமமாக அனுப்பலாம், மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை.

போட்டோ ஆசையும் இதில் இருக்கிறது என்பதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. குழந்தைகளோடு நின்று படம் எடுத்துப் போடுவதற்காகவே போகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

லில்லிப்பூ_77:

@நேர்_கேள்வி அண்ணா, பாதி சரி. ஆனால் போகாமலே இருந்தால் பணம் தானாக அந்த ஆசிரியருக்குப் போய்ச் சேருகிறதா? பயணத்தை ரத்து செய்த சபை அந்தப் பணத்தில் சவுண்ட் சிஸ்டம் வாங்கியதைத்தான் நான் பார்த்தேன். 🙂 ஒரு முறை போய் முகம் பார்த்துப் பழகிய சபைதான் பிறகு வருஷா வருஷம் கொடுக்கிறது. எங்கள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது, இரண்டு முறை போயிருக்கிறேன்.

கடைசி_பெஞ்ச் தம்பி, உங்கள் குழுவில் பெண்கள் இருக்கிறார்களா? இல்லையென்றால் ஒருவரையாவது சேருங்கள். போதகரின் மனைவிகள் வருவார்கள், ஆனால் சமையல் பக்கம் போய்விடுவார்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். சபையில் யார் வீட்டில் சாப்பாடு இல்லை, எந்தப் பெண் அடி வாங்குகிறாள், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நான் இரண்டாவது முறை போனபோது வகுப்பே எடுக்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து வாழைக்காய் தோல் சீவினேன், மட்டோகேவுக்கு. போஷோ என்று மக்காச்சோள மாவைக் கிண்டித் தருவார்கள், கூட பீன்ஸ். சப்பாத்தி என்ற வார்த்தை அங்கேயும் சப்பாத்திதான், கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

பெண்கள் வணக்கம் சொல்லும்போது முழங்கால் போடுவார்கள், உங்கள் முன்னாலும். பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது அவர்கள் மரியாதை. நின்று நிதானமாகப் பதில் வணக்கம் சொல்லுங்கள். "வெபாலே" என்றால் நன்றி, அது ஒன்றைக் கற்றுக்கொண்டால் பாதி ஊர் உங்கள் பக்கம்.

உங்கள் முகத்தைப் பார்த்ததும் "முயிண்டி" என்பார்கள், இந்தியர் என்று அர்த்தம். அந்தப் பக்கம் இந்தியர் என்றால் கரும்பு ஆலை, கடை, முதலாளி. 1972-இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்ன கதையைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். "இந்தியாவில் கிறிஸ்தவர்களா?" என்று என்னிடம் ஒரு பாட்டி மூன்று முறை கேட்டார். வெள்ளைக்காரர் போனால் ஒரு எதிர்பார்ப்பு, நாம் போனால் வேறு எதிர்பார்ப்பு, அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

உடம்பு விஷயம்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் என்டெபி விமான நிலையத்தில் இறங்க முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும், போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும், கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். திரும்பும்போது இந்தியாவிலும் கேட்பார்கள், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியாக வைத்துவிடலாம். பூசோகாவில் மலேரியா அதிகம். டாக்டரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுங்கள், ஊர் வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள், சில மாத்திரை ஒரு வாரம், சில மாத்திரை நான்கு வாரம் தொடர வேண்டும். அப்புறம் விக்டோரியா ஏரி அழகாக இருக்கிறது என்று இறங்கிக் குளிக்க வேண்டாம், நத்தையிலிருந்து தண்ணீரில் பரவும் ஒட்டுண்ணிக் கிருமி இருக்கிறது.

மூத்தவன்:

தாமதமாகப் பார்த்தேன். மார்ச் இரண்டாவது வாரம் என்று யார் முடிவு செய்தது? அங்கே முதல் மழை மார்ச்சில் தொடங்கி மே வரை. மழை விழுந்ததும் சோளமும் பீன்ஸும் ஊன்ற வேண்டும். பயிர் செய்து பிழைக்கும் போதகரை அந்த வாரத்தில் மூன்று நாள் உட்கார வைத்தால் அவர் வருவார், வராமல் இருக்க மாட்டார், விருந்தாளியை மறுக்கத் தெரியாது. ஆனால் அந்தப் போகத்தில் அவர் வீட்டுக்கு என்ன ஆகும்?

பணம் பற்றிக் கேட்டீர்கள். "டிரான்ஸ்போர்ட் ரீஃபண்ட்" என்று ஒன்று அங்கே வழக்கம், பயிற்சிக்கு வருபவருக்கு வழிச் செலவு கொடுப்பது. போடா போடாவில், அதாவது மோட்டார் சைக்கிள் டாக்சியில், முப்பது கிலோமீட்டர் வருகிறவருக்கு அது நியாயம்தான். ஆனால் எவ்வளவு என்பதை நீங்கள் முடிவு செய்யக்கூடாது, உங்கள் கையால் கொடுக்கவும் கூடாது. நீங்கள் தாராளமாகக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள், அடுத்த மாதம் உள்ளூர் ஆசிரியர் கூட்டம் வைத்தால் அதே தொகையை எதிர்பார்ப்பார்கள், அவர் எங்கே போவார்? அழைத்த சபையே தீர்மானித்து, முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடட்டும்.

நேர்_கேள்வி சொன்னதில் ஒரு நியாயம் உண்டு, அது பழைய நியாயம். 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வி.எஸ். அசரியா எழுந்து வெள்ளைக்கார மிஷனரிகளிடம் சொன்னது இதைத்தான். உங்கள் பொருளையெல்லாம் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அந்த அரங்கில் பலருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு வாங்கும் பக்கத்தில் நம் ஆள் நின்று அதைச் சொன்னார். இன்று கொடுக்கும் பக்கத்தில் நாம் நிற்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

முறை பற்றியும் ஒன்று. 1963-இல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரிக்கு, அதாவது போதகர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரிக்கு, இதே தலைவலி. கிராமத்துச் சபையை உண்மையில் நடத்துகிறவர்களுக்கு வயலும் குடும்பமும் இருந்தன, செமினரிக்கு வந்து தங்க முடியவில்லை. எனவே செமினரி அவர்களிடம் போனது. வீட்டில் படிக்கப் பாடம், வாரம் ஒருமுறை ஆசிரியர் பக்கத்து ஊருக்கு வந்து உட்கார்ந்து பேசுவது. பிறகு பல நாடுகளுக்கு அது பரவியது. உங்கள் மூன்று நாளை அப்படி ஒரு தொடர்ச்சியின் ஒரு கண்ணியாக வைக்க முடியுமா என்று பாருங்கள். முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லாத மூன்று நாள் என்றால் மிஞ்சுவது சான்றிதழ் மட்டும்தான். சுவரில் ஏழு சான்றிதழ் மாட்டிய போதகர் வீட்டில் தங்கியிருக்கிறேன், ஏழும் வேறு வேறு நாட்டுக் குழுக்கள் கொடுத்தவை.

நேர்_கேள்வி:

மூத்தவன் ஐயா சொன்ன மாதிரி போவதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பத்துக் குழுவில் ஒன்றுகூட அப்படிப் போகாது என்பதுதான் என் அனுபவம்.

கடைசி_பெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், இதையெல்லாம் அச்செடுத்து மூப்பரிடம் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது. "அங்க இருக்கிறவங்ககிட்ட யாராவது கேட்டீங்களா அங்கிள்?" என்றேன். கேட்டிருக்கிறார்கள், ஆனால் "மார்ச்சில் வரலாமா" என்றுதான் கேட்டிருக்கிறார்கள், "எப்போது வரலாம்" என்று இல்லை.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அங்குள்ள பொறுப்பாளர் போதகரோடு நானே பேசினேன். மார்ச் வசதியா என்றேன், ரொம்ப சந்தோஷம் வாருங்கள் என்றார். நடவு நேரம் இல்லையா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் சிரித்துவிட்டு, ஜனவரி கடைசி என்றால் நல்லது, நிலம் காய்ந்து கிடக்கும், எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்றார். இந்த ஜனவரிக்குள் முடியாது, அதனால் பயணம் அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப் போகிறது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை, தப்பித்தோம்.

என்ன பாடம் வேண்டும் என்றும் கேட்டேன். பிரசங்கம் எப்படித் தயாரிப்பது என்பது ஒன்று. இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. ரேடியோவில் வரும் அற்புதப் பிரசங்கிகள் "விதை" என்று சொல்லிக் காணிக்கை கேட்கிறார்களாம், ஜனங்கள் ஆட்டை விற்று அனுப்புகிறார்களாம், சபைக்கு வருவது குறைந்துவிட்டதாம், நம் போதகர்கள் சோர்ந்துபோயிருக்கிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலே சோர்வாகத்தான் இருந்தது. ரூத் பற்றிச் சொன்னேன், பிடித்திருக்கிறது. தொடர்ச்சிக்கு முகோனோவில் படித்த ஒருவர் அவர்கள் பகுதியிலேயே இருக்கிறாராம், மாதம் ஒருமுறை அவர் சுற்றிவர வழிச் செலவு மட்டும் வேண்டும். அதை மூப்பர் குழுவில் வைக்கப் போகிறேன், அதற்காக ஐந்து பேர் மூன்று பேராகலாம். என் பெயர் போனாலும் பரவாயில்லை (கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை).

பொருள் ஏதாவது வேண்டுமா என்றபோது ரொம்பத் தயங்கிவிட்டு ஒன்று கேட்டார். கண்ணாடி. படிக்கிற கண்ணாடி. நாற்பது பேரில் பாதிக்கு மேல் வயதானவர்கள், வேதாகம எழுத்து தெரிவதில்லை, பேரப்பிள்ளையை வாசிக்க வைத்துக் கேட்டுத்தான் பிரசங்கம் தயாரிக்கிறார்கள். அங்கே போய்ச் சோதித்துக் கொடுப்பதென்றால் எந்தப் பவரில் எத்தனை வாங்குவது, யாருக்காவது தெரியுமா?

லில்லிப்பூ_77:

அய்யோ, இது எனக்குத் தோன்றவே இல்லையே. நான் வெள்ளெழுத்துக்காரி, சொல்கிறேன். +1-இலிருந்து +3 வரை கலந்து வாங்குங்கள், +2, +2.5 அதிகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஃப்ரேம், கூடவே கெட்டியான பெட்டி. லுகாண்டா வேதாகமத்தையே கையில் கொடுத்து, வெளியே வெளிச்சத்தில் நிற்கவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பதும் தெரியவில்லை, கண்ணில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது என்கிறவர்களுக்கு இது உதவாது, அவர்கள் பெயரை மட்டும் குறித்துப் பொறுப்பாளரிடம் கொடுத்து ஜிஞ்சாவில் கண் டாக்டரைப் பார்க்க வையுங்கள். மனைவிகளுக்கும் சேர்த்து எண்ணுங்கள், நாற்பது போதாது.