அலை பெரிதாக இல்லை, ஆனாலும் 12 வடமும் அறுந்தது: நிலநடுக்கத்துக்குப் பிறகு துறைமுகத்துக்குள் நடப்பது

பாகக்கயிறு:
2004 சுனாமி என்றால் எல்லோரும் கரையைத்தான் பேசுகிறோம். எனக்கு ஓமனின் சலாலா துறைமுகம்தான் மனசை விட்டுப் போகவே இல்லை. 285 மீட்டர் நீளமுள்ள மேர்ஸ்க் மாண்ட்ராகி, கன்டெய்னர் கப்பல். ஊரை விழுங்குகிற அலை ஒன்றும் அங்கே வரவில்லை. கப்பலைக் கட்டியிருந்த 12 வடமும் அறுந்து, நீரோட்டத்தில் பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றிக் கடைசியில் மணல் திட்டில் தரைதட்டியது. அலையே பெரிதில்லாத இடத்தில் இது எப்படி?

தூண்டில்வளைவு:
அலையின் உயரத்தைப் பார்க்காதீர்கள், துறைமுகத்தின் வாயைப் பாருங்கள். துறைமுகத்தின் உள்பரப்பு 500-க்கு 300 மீட்டர் என்று வைப்போம். பத்தே நிமிடத்தில் தண்ணீர் 2 மீட்டர் ஏறினால் 3 லட்சம் கன மீட்டர் உள்ளே வந்தாக வேண்டும். வாய் 50 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம் என்றால் அந்த இடத்தில் ஓட்டம் விநாடிக்கு 2 மீட்டர், அதாவது 4 நாட், மணிக்கு 7 கிலோமீட்டர். 15 மீட்டர் விசைப்படகு, தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர் இறங்கியிருக்கிறது, விலாப்பக்கம் அந்த ஓட்டத்துக்குக் காட்டி நிற்கிறது. விழுகிற இழுப்பு நாலரை டன்னுக்கு மேல். அரை மீட்டர் ஓட்டத்தில் இதே படகுக்கு 300 கிலோகூட வராது. வேகம் நாலு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. கயிறு அறுவதில் என்ன ஆச்சரியம்?

மாலைநேரம்:
கணக்கு சரி. ஆனால் 'முதல் அலை போனால் முடிந்தது' என்று நினைக்க வைக்கிறது. அதே நாள் மடகாஸ்கரில் தோவாமசினா துறைமுகம்: பெரிய அலைகள் ஓய்ந்து பல மணி நேரம் கழித்து, மாலை 7 மணிக்கு 50 மீட்டர் சரக்குக் கப்பல் ஒன்று கட்டறுத்துக்கொண்டு துறைமுகத்துக்குள்ளேயே அலைந்தது. காரணம், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் சொந்தமாக ஓர் ஊஞ்சல் நேரம் உண்டு, உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு தடவை ஏறி இறங்க எடுக்கும் நேரம். ஒரு பக்கம் திறந்த, 1 கிலோமீட்டர் நீளம், 9 மீட்டர் ஆழமுள்ள தொட்டிக்கு அது ஏறக்குறைய 7 நிமிடம். வெளியே வரும் அலையின் கால அளவு அதோடு ஒத்துப்போனால் ஊஞ்சலைத் தள்ளுவது மாதிரிதான், ஆட்டம் கூடிக்கொண்டே போகும். 2006 நவம்பரில் ஜப்பானுக்கு வடக்கே கூரில் தீவு நிலநடுக்கத்தின்போது கலிஃபோர்னியாவின் கிரசென்ட் சிட்டி மிதவை ஜெட்டிகள் உடைந்ததும் முதல் அலையில் இல்லை, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்த அலையில்.

முடிச்சு:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குட்டையாக இறுக்கிக் கட்டுவதுதான் முதல் தப்பு. 6 மீட்டர் கயிறு, தண்ணீர் 3 மீட்டர் ஏறுகிறது: கயிறு 6.7 மீட்டர் ஆக வேண்டும், 12 சதவீத இழுவை. 15 மீட்டர் கயிறு என்றால் இரண்டே சதவீதம். ஆகவே அணியத்து (படகின் முன்முனை) கயிற்றை முன்னால் தள்ளியுள்ள குத்தியிலும் (ஜெட்டியில் கயிறு கட்டும் கட்டை), அமரத்து (பின்முனை) கயிற்றைப் பின்னால் தள்ளியுள்ள குத்தியிலும் நீளமாகப் போடுங்கள். முன்னும் பின்னும் ஓடாமல் இருக்க நடுவிலிருந்து முன்னும் பின்னுமாகச் சாய்வாக இரண்டு. நைலான் நீண்டு கொடுக்கும். வெயிலில் வெளுத்த பாலிபுரொப்பிலீன் கொடுக்காது, கையில் முறுக்கினால் தூள் உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். கயிறு ஜெட்டி விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் சொருகுங்கள். அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஐந்து படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினால் ஐந்தின் இழுப்பும் ஜெட்டியோரப் படகின் கயிற்றில் விழும். 2004-க்குப் பிறகும் நம்ம ஊரில் அப்படித்தான் கட்டுகிறோம். கட்டி முடித்தால் கரையேறிப் போய்விட வேண்டும், படகில் உட்கார்ந்து காவல் காப்பது வேண்டாம்.

நூறுபாகம்:
கட்டுவதை விட, கடலுக்கு எடுத்துப்போவதே மேல். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும், உயரமோ அரை மீட்டர் சொச்சம். படகுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 100 பாக ஆழத்தை, அதாவது 180 மீட்டர் ஆழத்தைத் தாண்டிப் போனால் போதும்.

தூண்டில்வளைவு:
@நூறுபாகம், போகலாம், நேரம் இருந்தால். வாய்வழியே 2 நிமிடத்துக்கு ஒரு படகு என்றால் 100 படகு வெளியேற 3 மணி 20 நிமிடம். 2004-ல் சுமத்ரா அதிர்ந்தது காலை 6:29, சென்னையில் அலை 9:05. எச்சரிக்கை அந்த நொடியே வந்திருந்தாலும் கடைசி இருபதுக்கும் மேற்பட்ட படகு வாயில் மாட்டியிருக்கும். ஏற்கெனவே கடலில் இருப்பவர் கரைக்கு ஓடிவராமல் ஆழத்துக்குப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கரையில் இருப்பவர் படகை நோக்கி ஓடக் கூடாது.

ஓதம்:
போன வார இழையில் 'கடல் உள்வாங்கினால்தான் சுனாமி' என்று ஒருவர் அடித்துச் சொன்னார். தப்பு. 2004-ல் நிலநடுக்கப் பிளவுக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம், முதலில் வற்றியது. புக்கெட் அருகே 12 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டிருந்த மெர்கேட்டர் என்ற பாய்மரப் படகின் எக்கோ சவுண்டரிலேயே (ஒலியால் ஆழம் அளக்கும் கருவி) அது பதிவாகியிருக்கிறது: முதலில் ஆழம் குறைகிறது, பிறகு விர்ரென்று ஏறுகிறது. மேற்கே, நம் பக்கம், அலையின் முகடுதான் முந்தியது. சென்னை ஓதமானியிலும் (கடல்மட்ட ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவி) முதல் அசைவு ஏற்றமே. வற்றும் என்று காத்திருந்தால் வற்றாமலே வந்துவிடும்.

காங்கிரீட்:
படகையே பேசுகிறீர்கள், ஜெட்டி நகர்ந்தால்? ஜப்பானின் கோபே துறைமுகம், 1995 ஜனவரி 17 நிலநடுக்கம். சுனாமி பிரச்சினையே இல்லை, குலுக்கல் மட்டும். கப்பல் ஒட்டி நிற்கும் காங்கிரீட் பெட்டித் தளங்களுக்கு அடியிலும் பின்னாலும் கொட்டியிருந்த மண் நீரோடு குழம்பித் தாங்கும் வலுவை இழந்தது. தளங்கள் கடல் பக்கம் 5 மீட்டர் வரை சரிந்தன. கிரேனின் முன்கால் ஓடும் தண்டவாளம் அந்தத் தளத்தின் மேல், பின்கால் தண்டவாளம் உள்ளே தரைமேல். முன்னது போக, பின்னது நிற்க, கிரேன் கால்கள் அகட்டப்பட்டு வளைந்தன. கரை விளிம்புக்கு இணையாகப் புதிய வெடிப்பு தெரிந்தால் அந்தத் தளத்தில் லாரியும் ஏற்றாதீர்கள், கயிறும் கட்டாதீர்கள்.

பாகக்கயிறு:
அந்தமானையும் சேர்க்க வேண்டும். போர்ட் பிளேர் தரை ஏறக்குறைய 1 மீட்டர் இறங்கியது; வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோ மேலெழுந்து பவளப்பாறைகள் வெளியே வந்தன. அதாவது பழைய வரைபடத்தில் 3 மீட்டர் ஆழம் என்று போட்டிருந்த இடம் ஓரிடத்தில் 4, இன்னோரிடத்தில் 2. அங்கே திரும்பி வருகிற படகு ஜிபிஎஸ்ஸில் சேமித்த பழைய தடத்தை நம்பக் கூடாது. முதல் தடவை உள்ளே வரும்போது ஓதம் ஏறுகிற நேரமாகப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, அணியத்தில் ஓர் ஆள் ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிற்றோடு நிற்கட்டும். ஏறுகிற ஓதத்தில் தரைதட்டினால் தண்ணீர் ஏற ஏறத் தானே மிதக்கும். இறங்குகிற ஓதத்தில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை சாய்ந்தபடியே கிடக்க வேண்டியதுதான்.