மூணு பாடகர், பன்னிரண்டு வாத்தியம்... இது முழு ஓபராவா, சுருக்கினதா?

வெண்ணிலா_லீட்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இங்க ஒரு சின்ன ஆர்ட்ஸ் சென்டர்ல இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸோட தி லைட்ஹவுஸ்ங்கற ஓபரா, அதாவது வசனத்தையும் பாட்டாவே பாடி நடிக்கற நாடகம், பாத்தேன். 1900 டிசம்பர்ல ஸ்காட்லாந்து பக்கம் ஃப்ளானன் தீவு கலங்கரை விளக்கத்துல மூணு காவலாளிங்க காணாமப் போனாங்கல்ல, அத வச்சு எழுதின கதை. இதுக்கு முன்னாடி நான் ஓபரா பாத்ததெல்லாம் யூடியூப்லதான், பெரிய மேடை, கோரஸ், எழுபது எண்பது பேர் ஆர்கெஸ்ட்ரான்னு. இங்க மேடையில மூணே பேரு, ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்த எனக்கு அவங்க மூச்சு இழுக்கறதே கேட்டுது. முதல்ல ஒரு விசாரணை நடக்குது, ஆனா கேள்வி கேக்க ஆளே கிடையாது, ஹார்ன்னு ஒரு பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்குது, அதுக்கு இவங்க பதில் சொல்றாங்க! ரெண்டு நாளா அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. என் கேள்வி இதான், பெரிய ஓபராவ செலவுக்காக சுருக்கி இப்படி போடறாங்களா, இல்ல எழுதறப்பவே இப்படித்தானா? அப்புறம் நூத்தம்பது சீட்டு ஹால்ல டிக்கெட் வித்து எப்படி ஊர் ஊரா போறாங்க?

செல்லோ_ராகவன்:
சுருக்கினது இல்லம்மா, எழுதினதே அப்படித்தான். 1980ல எடின்பரோவுல முதல்ல போட்டப்பவே மூணு பாடகர்தான், அந்த மூணு பேரே விசாரணைக்கு வர்ற அதிகாரிங்களாவும் அப்புறம் காவலாளிங்களாவும் மாறுவாங்க.

இந்த வழிய இங்கிலாந்துல பெருசா திறந்து விட்டது பெஞ்சமின் பிரிட்டன்ங்கற இசையமைப்பாளர். போர் முடிஞ்ச கையோட, 1946ல, தி ரேப் ஆஃப் லுக்ரீஷியான்னு எட்டு பாடகர், பதிமூணு வாத்தியத்துக்கு எழுதினார். ஊர் ஊரா கொண்டு போனாங்க, நல்ல நஷ்டம். ஆனாலும் விடாம அடுத்த வருஷமே நண்பர்களோட சேந்து இங்கிலிஷ் ஓபரா குரூப்னு சொந்தக் கம்பெனியே ஆரம்பிச்சார். அந்த வருஷம் ஐரோப்பா டூர் போனப்ப செலவு கையக் கடிக்குது, அப்பதான் அவரோட துணைவர், பாடகர் பீட்டர் பியர்ஸ், நம்ம ஊர்லயே ஒரு விழா நடத்தினா என்னன்னு கேட்டார், 1948ல ஆல்ட்பரோ இசை விழா பிறந்தது அப்படித்தான். அவர் எழுதினதுல எனக்கு பிடிச்சது தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ, 1954, அதுக்கும் வாத்தியம் வாசிக்க பதிமூணு பேர்தான். நான் வாசிக்கற செல்லோ, வயலின் மாதிரியே ஆனா பெருசு, அதுல ஒண்ணே ஒண்ணு. பெரிய ஆர்கெஸ்ட்ரால பத்து செல்லோல ஒருத்தனா ஒளிஞ்சுக்கலாம், இதுல முடியாது, நீ வாசிக்கற ஒவ்வொரு சுரமும் தனியா தெரியும். பாடகருக்கும் எழுபது வாத்தியத்துக்கு மேல கத்த வேண்டாம், வார்த்தை புரியும், கிசுகிசுன்னு பாடினாலும் கேக்கும். பெரிய ஓபராவால இத தர முடியாதுன்னுதான் நான் சொல்லுவேன்.

பேக்ஸ்டேஜ்_மலர்:
பணக் கேள்விக்கு நான் சொல்றேன், ரெண்டு டூர்ல செட் தூக்கியிருக்கேன். டிக்கெட் காசுல மட்டும் யாரும் பிழைக்கறது இல்ல. கலைக்கு அரசுப் பணம் குடுக்கற ஆர்ட்ஸ் கவுன்சிலோட மானியம், டிரஸ்டுங்க, நன்கொடை, வேற கம்பெனியோட கூட்டுத் தயாரிப்பு, எல்லாத்தையும் ஒட்டுப் போட்டுதான் ஓடுது. 2014லேர்ந்து தியேட்டர் டேக்ஸ் ரிலீஃப்னு மேடைத் தயாரிப்புக்கு ஒரு வரிச் சலுகை இருக்கு, அப்ப டூர் போற ஷோவுக்கு 25%, போகாததுக்கு 20%, இப்ப 45ம் 40ம். லாபம் இல்லாட்டியும் பணமாவே வாங்கலாம். டூர்னு கணக்காகணும்னா ஆறு இடத்துலயாவது போடணும், இல்லாட்டி ரெண்டு இடத்துலயாவது சேத்து 14 ஷோ.

கஷ்டம் எங்கன்னா, ஒரு ஊர்ல ஒரே நைட்டுதான். காலைல வேன்லேர்ந்து இறக்கி, லைட் ஃபோகஸ் பண்ணி, சாயங்காலம் அந்த ஹால்ல சத்தம் எப்படி இருக்குன்னு பாத்து, நைட்டு ஷோ முடிஞ்ச கையோட பிரிச்சு மறுபடி ஏத்தணும். ஒரு ஊர்ல அவங்க குடுத்த மேடை அளவே தப்பு, பின் சுவர் உள்ள போகல. அத வேன்லயே விட்டுட்டு வெறும் கறுப்புத் திரைய வச்சு போட்டோம். பாடகருங்க காலைலேர்ந்து இடம் மாத்தி மாத்தி நடந்து பழகினாங்க, அந்த உழைப்ப நான் மறக்கவே மாட்டேன்.

தேன்மொழி_கார்டிஃப்:
எங்க ஊர் மியூசிக் தியேட்டர் வேல்ஸ்ங்கற ஓபரா கம்பெனி 1988லேர்ந்து இந்த வேலைதான் பண்றாங்க. ஃபிலிப் கிளாஸோட இன் தி பீனல் காலனிய போட்டாங்க, ரெண்டு பாடகர், அஞ்சு தந்தி வாத்தியம், அவ்ளோதான்! ஆனா சின்ன குழுவுல ஒரு சிக்கலும் இருக்கு. 2017ல பீட்டர் ஈட்வோஷோட தி கோல்டன் டிராகன் எடுத்துட்டு போனாங்க, ஆசிய ரெஸ்டாரண்ட் சமையல்கட்டுல வேலை பாக்கற, குடியேற்றப் பேப்பர் இல்லாத ஒரு சீனப் பையனோட பல்வலிதான் கதை, அஞ்சே பாடகர் எல்லா வேஷமும் மாத்தி மாத்தி போடுவாங்க. அந்த அஞ்சுல ஆசியர் ஒருத்தரும் இல்லன்னு பெரிய எதிர்ப்பு, லண்டன்ல ஹாக்னி எம்பயர் தியேட்டர்ல இருந்த ஷோவையே கேன்சல் பண்ணிட்டாங்க. கேட்டது நியாயம்னுதான் எனக்கு பட்டுது. அஞ்சு பேருக்குத்தான் இடம்னா அந்த அஞ்சு பேர் யாருங்கறது முக்கியம் இல்லையா.

வெண்ணிலா_லீட்ஸ்:
ராகவன் அண்ணா, மலர் அக்கா, தேன்மொழி, ரொம்ப நன்றி. நான் பாத்த அன்னிக்கு ஹார்ன் வாசிச்சவர் ஆடியன்ஸ் பக்கம் எங்களுக்குப் பின்னாடி நின்னார், கேள்வி முதுகுக்குப் பின்னாலேர்ந்து வந்துச்சு. ஷோ முடிஞ்சு நான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கறப்ப ரெண்டு பேர் வேன்ல ஒரு மரப்படிய ஏத்திட்டு இருந்தாங்க, அப்ப கவனிக்கல. அடுத்த தடவ போய் பேசுவேன். இப்ப டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ போட்டுட்டேன், அந்த ஒத்த செல்லோவ தேடிக் கேட்டுட்டு இருக்கேன்.