மழை, காற்று தாங்கும் குடும்ப டென்ட்: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாங்கள் நாலு பேர். போன முறை முகாமிட்டபோது நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. மேல்துணி தாங்கியது. ஆனால் தையல் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கி சின்னவளின் தலையணை நனைந்துவிட்டது. அப்புறம் அடித்த காற்றில் ஃபைபர் கிளாஸ் கம்பி ஒன்று நீளவாக்கில் பிளந்து, அதன் சிலாம்பு துணியையும் கிழித்தது. விடியும்வரை அவள் என் கையை விடவே இல்லை.

அதனால் இந்த முறை நன்றாக விசாரித்துத்தான் வாங்கப்போகிறேன். மேல்துணியின் நீர்த்தாங்கு அளவு (கசியாமல் துணி தாங்கும் நீர்மட்டத்தின் உயரம்) 3000 மி.மீ. ஆவது இருக்க வேண்டும், தையல்களில் டேப் ஒட்டியிருக்க வேண்டும், கம்பி அலுமினியமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். முட்டி ஊன்றும் இடத்தில் ஈரம் கசியும் என்பதால் தரைத்துணி அதைவிடக் கெட்டியாக வேண்டும். நாலு பேர் டென்ட் என்றால் நெருக்கிப் படுக்கத்தான் இடம். பைகளை வைக்க ஆறு பேர் அளவுதான் சரி.

குழப்பம் துணியில்தான். பாலியஸ்டர் எடை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கிறது. பருத்தி கலந்த துணியில் அது குறைவாம். ஆனால் கனம் அதிகம், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டையும் சில வருடங்கள் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பலத்த காற்றுக்குக் குவிமாட வடிவம் நல்லதா, சுரங்க வடிவமா? உங்கள் டென்ட்டில் முதலில் பழுதானது எது என்று சொன்னால்கூடப் பெரிய உதவியாக இருக்கும்.