புதுப்பிப்பு: ரொப்பொங்கி கலைக்கூடங்களை நடந்தே பார்த்தது

டோக்கியோவின் ரொப்பொங்கியில் உள்ள கலை அருங்காட்சியகங்களை ஒரே நாளில் நடந்து பார்த்துவிட முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடியும், ஆனால் கிழமை பார்த்துப் போக வேண்டும். தேசிய கலை மையம், சன்டோரி கலை அருங்காட்சியகம் இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. தனியார் கேலரிகள் பெரும்பாலும் ஞாயிறு, திங்களில் மூடியிருக்கும். அதனால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

தேசிய கலை மையத்துக்கு நிரந்தரச் சேகரிப்பே கிடையாது. எல்லாம் மாறி மாறி வரும் கண்காட்சிகள்தான். ஆனால் கிஷோ குரொக்காவா வடிவமைத்து 2007-இல் திறந்த அந்த அலைபோன்ற கண்ணாடி முகப்புக்காகவே போகலாம். உள்ளே நுழையக் கட்டணமில்லை, கண்காட்சிக்குத்தான் டிக்கெட். டிக்கெட்டின் துண்டைப் பத்திரமாக வையுங்கள், சன்டோரியிலும் மோரி கலை அருங்காட்சியகத்திலும் காட்டினால் தள்ளுபடி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ வடிவமைத்த 21_21 டிசைன் சைட் என்ற வடிவமைப்புக் கண்காட்சிக்கூடம். வெளியே மடித்த ஒரு இரும்புத் தகடுபோலக் கூரை மட்டும் தெரிகிறது, கட்டடத்தின் பெரும்பகுதி தரைக்கடியில். படியிறங்கியதும் வெளிச்சம் எப்படி அவ்வளவு ஆழம் வருகிறது என்று வியந்து நின்றுவிட்டேன்.

பிரமிடே கட்டடத்தில் பாரிஸின் பெரோட்டன் கேலரியின் கிளை இருக்கிறது, அனுமதி இலவசம். அப்புறம், 53-ஆம் மாடியிலுள்ள மோரியைக் கடைசியில் வையுங்கள். செவ்வாய் தவிர மற்ற நாட்களில் இரவு 10 மணி வரை திறந்திருக்கும்.